2 மடங்கு கன்வெர்ட்டர் வாங்கலாமா, அண்ணே?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சாரத்தை மட்டும் தருகிறேன்:

"அண்ணே, ஒன்றரை வருடமாகப் பறவைகளைப் படம் எடுக்கிறேன். கையில் கெனான் ஆர்7, ஆர்எஃப் 100-400 லென்ஸ். நைட் ஷிஃப்ட் முடிந்ததும் பைக்கில் நேராகத் தெலுக் ஆயர் தாவார் கரைக்குப் போய்விடுவேன். உள்ளான்கள் எல்லாம் படத்தில் புள்ளி புள்ளியாகத்தான் வருகின்றன. 2 மடங்கு கன்வெர்ட்டர் போட்டால் 400 என்பது 800 ஆகிவிடும், கிராப் சென்சார் கணக்கில் 1280 என்று நண்பர் சொல்கிறார். நாலாயிரம் வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து வைத்திருக்கிறேன். 2 மடங்கு வாங்கலாமா, 1.4 போதுமா, இல்லை லென்ஸையே மாற்ற வேண்டுமா? மூன்று படம் அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்."

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் ஆற அமரப் பேசலாம். அந்த 2 மடங்கு கன்வெர்ட்டரை வாங்காதீர்கள். 1.4-ஐயும் இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்துக்கு வேறு நல்ல வழி இருக்கிறது.

ஜார்ஜ்டவுனில் கேமராவும் லென்ஸும் பழுது பார்ப்பதுதான் என் தொழில், பறவை பார்ப்பது விடுமுறை நாள் வேலை. அதனால் லென்ஸை வெளியிலிருந்து மட்டுமல்ல, திறந்துபோட்டும் பார்க்கிறவன் நான். கன்வெர்ட்டர் என்பது மந்திரம் இல்லை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டப்பட்டு, லென்ஸ் ஏற்கெனவே உருவாக்கிய பிம்பத்தின் நடுப்பகுதியை எடுத்துப் பெரிதாக்கிச் சென்சாரில் விழ வைக்கும் சில கண்ணாடித் துண்டுகள், அவ்வளவுதான். லென்ஸ் எதைப் பார்த்ததோ அதைத்தான் அதனால் பெரிதாக்க முடியும், லென்ஸ் பார்க்காததை அது கொண்டு வராது.

இதைக் கணக்காகவே காட்டுகிறேன். உங்கள் லென்ஸ் 400-ல் எஃப்/8. 400-ஐ 8-ஆல் வகுத்தால் 50. அதாவது பறவையிடமிருந்து வரும் வெளிச்சம் உள்ளே நுழைய 50 மி.மீ. அகலமுள்ள வாசல். 2 மடங்கு கன்வெர்ட்டர் போட்டால் 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) போய் 800-ல் எஃப்/16 ஆகிவிடும். 800-ஐ 16-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 50 தான். வாசல் ஒரு மில்லிமீட்டர்கூட அகலவில்லை. அதே வெளிச்சத்தை நான்கு மடங்கு பரப்பில் இழுத்துத் தேய்த்திருக்கிறீர்கள். டீயில் தண்ணீர் ஊற்றினால் கிளாஸ் நிறையும், தேயிலை கூடாது இல்லையா, அது மாதிரி. 1.4 போட்டால் ஒரு ஸ்டாப் போகும், 560-ல் எஃப்/11, அதுவும் வகுத்தால் ஏறக்குறைய அந்த 50 தான்.

அப்புறம் அந்த 1280 கதை. கிராப் சென்சார், அதாவது ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார், எதையும் பெரிதாக்குவதில்லை, ஓரத்தை வெட்டித் தருகிறது. உங்கள் ஆர்7-ன் பலம் அதன் பிக்ஸல்கள் மிகச் சிறியவை என்பது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3.2 மைக்ரான். அந்தச் சின்ன இடத்தில் 32 மெகாபிக்ஸலை நெருக்கி அடைத்திருக்கிறார்கள். சொல்லப்போனால் உங்கள் கேமராவுக்குள்ளேயே ஒரு கன்வெர்ட்டர் இருக்கிற மாதிரிதான். அதன் மேல் இன்னொன்றைப் போட்டால் என்ன ஆகும்? ஒளி ஒரு சிறிய வாசல் வழியாக நுழையும்போது கொஞ்சம் விரிந்து பரவும், ஒரு புள்ளி புள்ளியாக விழாமல் சின்ன வட்டமாக விழும். எஃப்/8-ல் அந்த வட்டத்தின் அகலம் சுமார் 11 மைக்ரான், அதாவது மூன்று பிக்ஸலுக்கு மேல். எஃப்/16-ல் 21 மைக்ரான், ஆறேழு பிக்ஸல். படம் பெரிதாக இருக்கும், ஆனால் இறகின் கோடு ஒவ்வொன்றும் ஆறேழு பிக்ஸலுக்குக் கரைந்து கிடக்கும். 20 மெகாபிக்ஸல் ஃபுல் ஃப்ரேம் கேமரா வைத்திருக்கிறவருக்குக் கன்வெர்ட்டர் கொடுக்கிற லாபம் உங்களுக்குக் கிடைக்காததற்கு இதுதான் காரணம். நண்பர் அவருடைய கேமராவில் பார்த்ததை வைத்து நல்ல எண்ணத்தில் சொல்லியிருப்பார்.

சரி, உங்கள் படங்களுக்கு வருவோம். மூன்றையும் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன், நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அவற்றிலேயே இருக்கிறது.

முதல் படம், சேற்றில் நிற்கும் உள்ளான். எடுத்த நேரம் காலை 10:40, ஷட்டர் விநாடியில் 2500-ல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 800. வெளிச்சத்துக்குக் குறைவில்லை, கை நடுங்கவும் வாய்ப்பில்லை. இருந்தாலும் பறவையின் விளிம்பு தண்ணீருக்கடியில் கிடக்கிற மாதிரி நெளிந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய அடுத்தடுத்த ஃப்ரேம்களில் ஒன்றில் அலகு நேராக இருக்கிறது, அடுத்ததில் வளைந்திருக்கிறது, பறவை அசையவே இல்லை. இது லென்ஸின் குறை இல்லை தம்பி, காற்று. வெயில் ஏறியதும் ஈரச் சேறு சூடாகி அதன் மேல் காற்று கொதிக்க ஆரம்பித்துவிடும், தார் ரோட்டில் மத்தியானம் பார்க்கிறோமே, அதே கானல். தூரம் கூடக்கூட அந்த நெளிவு கூடும். லட்ச வெள்ளி லென்ஸைக் கொண்டுவந்தாலும் அந்த நெளிவைத்தான் பெரிதாக்கிக் காட்டும். சந்தேகமாக இருந்தால் அங்கே நட்டிருக்கும் ஏதாவது ஒரு மரக்கம்பை அதே தூரத்தில் பத்து ஃப்ரேம் அடியுங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வந்தால் காற்று, பத்தும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் அப்போது லென்ஸையோ ஃபோகஸையோ சந்தேகப்படலாம்.

அந்தப் படத்தில் பறவை எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று ஒரு கணக்குப் போட்டேன். ஒரு சின்ன உள்ளான் 15 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால், 400-ல் 50 மீட்டர் தள்ளி நின்றால் அது சென்சாரில் 1.2 மி.மீ. நீளத்துக்கு விழும், ஏறக்குறைய 375 பிக்ஸல். உங்கள் படத்தின் அகலம் 6960 பிக்ஸல். இருபதில் ஒரு பங்கு மாதிரி. 2 மடங்கு போட்டால் 750 பிக்ஸல், பத்தில் ஒரு பங்கு, இன்னும் புள்ளிதான், கொஞ்சம் கொழுத்த புள்ளி. ஆனால் எதுவும் வாங்காமல் இப்போதுள்ள லென்ஸோடு அந்தப் பறவை 15 மீட்டருக்கு வந்துவிட்டால்? 1250 பிக்ஸல். எஃப்/8-லேயே, குறுக்கே கொதிக்கிற காற்றும் குறைவாக.

"15 மீட்டருக்கு எப்படி வரும் அண்ணே, பத்தடி எடுத்து வைத்தாலே பறந்துவிடுகிறதே" என்று கேட்பீர்கள். நீங்கள் போகாதீர்கள், கடல் கொண்டு வரும். தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரைக்கும் அந்தக் கரை முழுக்கத் தட்டையான சேறு. வற்றம் இருக்கும்போது பறவைகள் தண்ணீர் விளிம்போடு வெகுதூரம் போய்விடும். நீர் ஏற ஏற அந்த விளிம்பு கரையை நோக்கி வரும், பறவைகளும் மேய்ந்துகொண்டே அதோடு வரும். நைட் ஷிஃப்ட் முடிந்ததும் போகிறேன் என்றீர்கள் இல்லையா, அதுதான் பிரச்சினை, உங்கள் ஷிஃப்டும் கடலும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. டைட் டேபிளைப் பாருங்கள். உச்ச ஏற்றம் காலை எட்டு, எட்டரைக்கு வரும் நாட்களைக் குறித்து வைத்து, அன்றைக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய்க் கரையில் உட்கார்ந்துவிடுங்கள். நிற்கக் கூடாது, உட்கார வேண்டும், முடிந்தால் குப்புறப் படுத்துவிடுவது இன்னும் நல்லது. வானத்தை வெட்டிக்கொண்டு நிற்கும் மனித உருவம்தான் அவற்றைக் கலைக்கிறது. பழுப்பு, சாம்பல் நிறச் சட்டை. சேற்றுக்குள் இறங்க வேண்டாம், அங்கே கால் முழங்கால் வரை இறங்கிவிடும், கேமராவோடு விழுந்தவர்களின் கேமரா என் மேசைக்கு வந்திருக்கிறது. உப்புத்தண்ணீர் குடித்த கேமராவை என்னால் பெரும்பாலும் காப்பாற்ற முடிந்ததில்லை.

போன வருடம் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அந்தக் கரையில் இப்படிப் படுத்திருந்தேன். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை, மூட்டு வலித்தது. பிறகு நீர் ஒரு மெல்லிய தகடு மாதிரி சேற்றின் மேல் ஊர்ந்து வந்தது, அதன் விளிம்பில் உள்ளான்கள் தையல் மெஷின் ஊசி மாதிரி குத்திக் குத்தி மேய்ந்துகொண்டு நேராக என்னை நோக்கி வந்தன. ஒன்று ஆறேழு மீட்டருக்குள் வந்து நின்றுவிட்டது. அலகு நுனியில் ஒரு சிறு புழு, சேறு படிந்த கால், முதுகில் ஒவ்வொரு இறகுக்கும் வெளிறிய ஓரம். ஷட்டரை அமுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சைபீரியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு அங்கிருந்து பறந்து வந்த பறவை அது, செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும்தான் நம் கரையில் இருக்கும், கிளம்புவதற்குள் கொழுப்பு சேர்த்தாக வேண்டும். நாம் ஒருமுறை கலைத்துப் பறக்கவிட்டால் அது சேர்த்ததில் கொஞ்சம் போகிறது. அதனால்தான் படுத்துக் காத்திருங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இரண்டாவது படத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் அது நன்றாக இருக்கிறது! பாலிக் பூலாவ் வயல் ஓரத்தில் வெண்மார்பு மீன்கொத்தி, நண்பரின் காருக்குள்ளிருந்து எடுத்தது, எட்டு மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணுக்குள் வானம் தெரிகிறது, அலகின் சிவப்பில் உள்ள கீறல்கூடத் தெரிகிறது. அதே கேமரா, அதே 635 கிராம் லென்ஸ். லென்ஸ் மோசம் என்று இனிமேல் சொல்லாதீர்கள். கார் ஒரு நல்ல மறைவிடம், பறவைகள் காரைக் கண்டு பயப்படுவதில்லை, கதவைத் திறந்தால்தான் பயப்படும். எஞ்சினை அணைத்துவிட்டு, ஜன்னலில் ஒரு பை அரிசியோ பீன்ஸோ வைத்து அதன் மேல் லென்ஸைச் சாய்த்தால் போதும், ஸ்டாண்டே வேண்டாம்.

மூன்றாவது படம்தான் உங்கள் உண்மையான பிரச்சினையைச் சொல்கிறது. தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவுக்குப் பின்னால் காட்டுப் பாதையில் எடுத்த ஈப்பிடிப்பான். எஃப்/8, ஷட்டர் 100-ல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 6400. கண் மங்கல், இருண்ட இடமெல்லாம் மணல் மணலாக இருக்கிறது. நம் காட்டில் வெளிச்சம் அவ்வளவுதான், காலை எட்டு மணிக்கும் மரத்தடியில் அந்தி மாதிரி இருக்கும். வெளிநாட்டு வீடியோக்களில் வெட்டவெளியில் நின்று கன்வெர்ட்டர் போட்டு எடுப்பதைப் பார்த்துவிட்டு இங்கே அதையே செய்ய முடியாது. அந்த ஈப்பிடிப்பானை 2 மடங்கு கன்வெர்ட்டரோடு எடுத்திருந்தால் ஷட்டர் 25-ல் ஒரு பங்குக்கு இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் ஐஎஸ்ஓ 25600-க்கு ஏறியிருக்கும். உங்கள் கேமரா பாடியில் ஆட்டோஃபோகஸ் எஃப்/16-லும் வேலை செய்யும், ஆனால் அந்த இருட்டில் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும், அதற்குள் பறவை வேறு கிளைக்குப் போயிருக்கும். இதே இடத்தில் எஃப்/5.6 லென்ஸ் ஒன்று இருந்திருந்தால் ஷட்டர் 200, அல்லது ஐஎஸ்ஓ 3200. அந்த ஒரு ஸ்டாப்தான் உங்களுக்கு இல்லாதது. கன்வெர்ட்டர் இருப்பதையும் பிடுங்கிக்கொள்ளும்.

ஆக, பணத்தை எதில் போடுவது? வாசலை அகலமாக்குவதில்.

என் முதல் பரிந்துரை, செகண்ட் ஹேண்டில் ஒரு கெனான் ஈஎஃப் (கெனானின் பழைய டிஎஸ்எல்ஆர் மவுண்ட், உங்கள் ஆர்எஃப் புது மவுண்ட்) 100-400 எஃப்/4.5-5.6, இரண்டாம் பதிப்பு, 2014-ல் வந்தது, கூடவே ஈஎஃப் லென்ஸை ஆர் பாடியில் மாட்டும் அடாப்டர். அடாப்டருக்குள் கண்ணாடியே இல்லை, வெறும் குழாயும் மின் இணைப்பும்தான், அதனால் தரம் குறையாது. 400-ல் எஃப்/5.6 என்றால் வாசல் 71 மி.மீ., பரப்பில் உங்களுடையதைப் போல இரண்டு மடங்கு. ஒரு மீட்டருக்குள்ளேயே ஃபோகஸ் ஆகும், அதனால் வீட்டு வாசல் செம்பருத்தியில் தேன்சிட்டு வந்தாலும் சரி. எடை சுமார் 1.6 கிலோ, பைக்கில் முதுகுப்பையில் தூக்கிப் போகலாம். உங்கள் இப்போதைய லென்ஸை விற்றுச் சேர்த்தால் கைக்கு எட்டும் என்றுதான் நினைக்கிறேன், நாலைந்து கடையிலும் விற்பவர்களிடமும் விசாரியுங்கள், அவசரம் வேண்டாம்.

இதில் இன்னொரு சௌகரியம் இருக்கிறது. இந்த லென்ஸில் பின்னாளில் ஈஎஃப் 1.4 மடங்கு, மூன்றாம் பதிப்பு கன்வெர்ட்டரைப் போட்டால் 560-ல் எஃப்/8 கிடைக்கும். இன்றைக்கு 400-ல் வைத்திருக்கிற அதே எஃப்/8, 560-ல்! அப்போது கன்வெர்ட்டருக்கு அர்த்தம் இருக்கிறது. ஆனால் கவனம், இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். ஆர்எஃப் கன்வெர்ட்டர் வேறு, ஈஎஃப் கன்வெர்ட்டர் வேறு. ஆர்எஃப் கன்வெர்ட்டரை அடாப்டர் வழியாக ஈஎஃப் லென்ஸில் மாட்ட முடியாது. இன்று ஆர்எஃப் 2 மடங்கு வாங்கி, அடுத்த வருடம் ஈஎஃப் லென்ஸுக்கு மாறினால், அது பெட்டியில்தான் இருக்கும். கன்வெர்ட்டரை லென்ஸுக்காக வாங்க வேண்டும், லென்ஸ் எது என்று முடிவாகும் முன் வாங்கக் கூடாது.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். சிக்மா 150-600 கன்டெம்பரரி, 2015-ல் வந்தது, செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கிறது, 600-ல் எஃப்/6.3, வாசல் 95 மி.மீ. காரிலிருந்தோ ஒரே இடத்தில் உட்கார்ந்தோ எடுக்கிறவருக்கு நல்ல லென்ஸ். ஆனால் 1.9 கிலோவுக்கு மேல், காட்டுப் பாதையில் கையில் பிடித்து நடந்தால் அரை மணியில் தோள் இறங்கிவிடும். கெனான் ஆர் பாடிகளில் உட்கார்ந்திருக்கும் பறவை மேல் ஃபோகஸ் லேசாகத் துடிப்பதையும் என்னிடம் வந்த சிலவற்றில் பார்த்திருக்கிறேன், அதனால் உங்கள் ஆர்7-ல் மாட்டி 200 படமாவது எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஆர்எஃப் 800 எஃப்/11, எடை 1.26 கிலோதான், வாசல் 73 மி.மீ., கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆறு மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது, எஃப்/11-ஐத் திறக்கவும் முடியாது, காட்டில் அது உங்களைக் கைவிடும், கரைக்கு மட்டும் என்றால் யோசிக்கலாம். ஆர்எஃப் 200-800 தான் உங்கள் சேற்றுக்கரைக்கு நான் மனதார ஆசைப்படும் லென்ஸ், 2 கிலோ, 800-ல் எஃப்/9, ஆனால் பட்ஜெட்டைத் தாண்டிவிடும். ஆர்எஃப் 100-500 தங்கம் மாதிரி லென்ஸ், விலையும் தங்கம் மாதிரி. அதில் கன்வெர்ட்டர் போட்டால் 300-க்குக் கீழே ஜூம் செய்ய முடியாது, கழற்றாமல் மடக்கிப் பையில் வைக்கவும் முடியாது, அதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இதைப் படிக்கிற மற்ற பிராண்டுக்காரர்களுக்கும் இரண்டு வரி. சோனி வைத்திருப்பவர்கள், சோனியின் கன்வெர்ட்டர் சோனியின் குறிப்பிட்ட லென்ஸ்களுக்கு மட்டும்தான். சிக்மா, டாம்ரான் லென்ஸை சோனி மவுண்டில் வாங்கினால் கன்வெர்ட்டர் ஆசையை விட்டுவிட வேண்டும். 200-600 எஃப்/5.6-6.3 வைத்திருந்தால் அதோடு 1.4 வெயிலில் நன்றாகவே ஓடும், 840-ல் எஃப்/9. நிக்கான் இசட் காரர்களுக்கு 180-600 இருக்கிறது. பழைய நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் கன்வெர்ட்டர் பக்கம் போகும் முன் உங்கள் பாடி எஃப்/8-ல் ஃபோகஸ் செய்யுமா என்று பாருங்கள், பல பாடிகள் எஃப்/5.6-க்கு மேல் தடுமாறும், செய்கிறவையும் சில புள்ளிகளில் மட்டும்தான் செய்யும். 300 எஃப்/2.8, 500 எஃப்/4, 600 எஃப்/4 வைத்திருக்கும் பாக்கியசாலிகளுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை, கன்வெர்ட்டர் பிறந்ததே அந்த லென்ஸ்களுக்காகத்தான்.

ஒன்று விட்டுப்போய்விட்டது. கன்வெர்ட்டர் போட்டாலும் லென்ஸின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் மாறாது, அதே தூரத்தில் பொருள் இன்னும் பெரிதாக விழும். உங்கள் 100-400 தனியாகவே 0.41 மடங்கு வரை நெருங்கும், 1.4 போட்டால் 0.57. தும்பி, வண்ணத்துப்பூச்சி எடுக்கிறவருக்கு அது பெரிய லாபம். அந்த ஆசை உங்களுக்கு இருந்தால் சொல்லுங்கள், என் பதிலில் அந்த ஒரு இடம் மட்டும் மாறும்.

கன்வெர்ட்டர் மாட்டுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான நல்ல கன்வெர்ட்டர்களில் முன் கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், லென்ஸின் பின்பக்கக் குழிக்குள் போய் உட்காருவதற்காக. அந்தக் குழி இல்லாத லென்ஸில் போட்டால் கண்ணாடியும் கண்ணாடியும் மோதும். சில மாதங்களுக்கு முன் ஒருவர் ஒரு ஜூமைக் கொண்டுவந்தார், 'திடீரென்று படம் மங்கிவிட்டது' என்று. பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடியின் நடுவில் பிறை வடிவில் ஒரு கீறல், நகத்தால் தடவினாலே தட்டுப்பட்டது. கடன் வாங்கிய கன்வெர்ட்டரை அழுத்தித் திருகியிருக்கிறார். அந்தக் கண்ணாடியை மாற்ற ஆகும் செலவைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எந்த லென்ஸில் எந்தக் கன்வெர்ட்டர் போகும் என்று கம்பெனி பட்டியல் போட்டிருக்கும், பார்க்காமல் மாட்டாதீர்கள். கடற்கரையில் உப்புக் காற்றில் நின்று மாட்டவும் கழற்றவும் வேண்டாம், வீட்டிலேயே முடிவு செய்து மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸ் பார்க்கப் போகும்போது கைபேசி டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை, எல்லா லென்ஸிலும் இருக்கும். சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல் கிளை விட்டு ஓடினால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், நம் ஊர் ஈரத்தில் அது வளரும், நான் சுத்தம் செய்தாலும் கண்ணாடியின் பூச்சைத் தின்றிருந்தால் தடம் போகாது. மவுண்ட் திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். வாங்கியதும் ட்ரை பாக்ஸில் 40-லிருந்து 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். ஏர்கான் அறையிலிருந்து எடுத்து நேராக வெளியே போனால் கண்ணாடி வியர்த்துவிடும், கேமராப் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வையுங்கள், பிறகு திறவுங்கள்.

நான் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம், நீங்களே சோதிக்கலாம். ஒரு பத்து வெள்ளி நோட்டைச் சுவரில் ஒட்டுங்கள் (ஒரு வெள்ளி நோட்டு பிளாஸ்டிக், பளபளத்துக் கெடுக்கும், பத்து வெள்ளி காகிதம்). பத்து மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் கேமரா, எலக்ட்ரானிக் ஷட்டர், இரண்டு விநாடி டைமர். லென்ஸ் தனியாக ஐந்து, கன்வெர்ட்டரோடு ஐந்து. பிறகு தனி லென்ஸ் படத்தைக் கணினியில் அதே அளவுக்குப் பெரிதாக்கி, துவாங்கு அப்துல் ரஹ்மான் முகத்தின் கன்னத்தில் ஓடும் மெல்லிய கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கன்வெர்ட்டர் படத்தில் கூடுதலாக ஒரு கோடாவது பிரிந்து தெரிந்தால் அது வேலை செய்கிறது. இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் கிராப் செய்தாலே போதும், வெளிச்சத்தை ஏன் விட வேண்டும்?

என் கடையில் ஆர்எஃப் 1.4, 2 மடங்கு இரண்டும் இருக்கின்றன, ஒரு பழைய ஈஎஃப் 100-400 இரண்டாம் பதிப்பும் இருக்கிறது, விற்க இல்லை, என்னுடையது. உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் ஃபெரியில் ஏறி இந்தப் பக்கம் வாருங்கள், ஆர்7-ஐயும் 100-400-ஐயும் மட்டும் எடுத்து வாருங்கள், நோட்டு நான் வைத்திருக்கிறேன். மூன்றையும் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குவதைப் பற்றி முடிவு செய்யலாம். காலையில் ஏற்றம் சரியாக இருக்கும் நாளாக இருந்தால் மட்டும் வேண்டாம், அன்றைக்குக் கரைக்குப் போங்கள், கடைக்கு இன்னொரு நாள் வரலாம்.